மலைக்காட்டு விதை நாவாய்ப்பூச்சி: "இது புது இனமா?" – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி, பழனி மலை, ஆனைமலைப் பக்கம் போய்வருகிறவர்கள், விலங்கியல் முதுகலை மாணவர்கள், கைபேசியில் பூச்சிப் படம் எடுக்கிறவர்கள் என்று பல பேரிடமிருந்து எனக்கு வருகிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். "இது புதுசா?" என்று தொடங்கும், "என்ன பேர் வைக்கலாம்?" என்று முடியும். நடுவில் இருக்கிற வேலையைப் பற்றிக் கேட்கிறவர்கள் குறைவு. அதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன.

1. விதை நாவாய்ப்பூச்சின்னா எது? எருக்கஞ்செடியில செவப்பும் கறுப்புமா மொய்க்குமே, அதுவா?

அதுவும் ஒன்று. எருக்கங்காயில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் அந்த ஸ்பைலோஸ்டெத்தஸ் கண்ணில் படுகிற வகை. மற்றவற்றில் பெரும்பாலானவை 3 முதல் 8 மில்லிமீட்டர் நீளம்தான். பழுப்பு, கறுப்பு, சருகு நிறம். மரத்தடியில் விழுந்து கிடக்கும் விதைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கும். ஊசி மாதிரியான உறிஞ்சுகுழலை விதைக்குள் இறக்கி, எச்சிலைவிட்டு உள்ளே இருப்பதைக் கரைத்து உறிஞ்சிக் குடிக்கும்.

பெயரில் விதை இருக்கிறது என்பதற்காக எல்லாமே விதை தின்னும் என்று நினைக்க வேண்டாம். பெரிய கண் கொண்ட ஜியோகோரிஸ் மற்ற சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். உழவர்களுக்கு அது நண்பன். பிளிசிடே குடும்பத்தார் புல்லின் சாறு குடிப்பார்கள். கிளெராடா என்று ஒரு பேரினம் எலி வளைகளிலும் வீடுகளிலும் ஒளிந்திருந்து ரத்தமே குடிக்கும்.

2. பருத்தியில வர்ற சிவப்பு நாவாய்ப்பூச்சியும் இதே கூட்டம்தானே?

இல்லை. நிறத்தைப் பார்த்து ஏமாறுகிற முதல் இடம் அது. பத்து மடங்கு காட்டும் கைலென்ஸ் ஒன்று போதும்: விதை நாவாய்ப்பூச்சியின் தலையில் கூட்டுக்கண்களுக்கு நடுவே இரண்டு சின்ன ஒற்றைக்கண்கள் மணி மாதிரி மின்னும். பருத்திச் சிவப்பு நாவாய்ப்பூச்சிக்கு அவை கிடையாது. அடுத்து, முன் இறக்கையின் நுனியில் இருக்கிற மெல்லிய சவ்வைப் பாருங்கள். விதை நாவாய்ப்பூச்சிக்கு அதில் நான்கைந்து நரம்புகள்தான் ஓடும். நரம்பு நிறைய இருந்தால் வேறு குடும்பத்தில் தேடுங்கள்.

பழைய புத்தகங்களில் எல்லாமே லைகேயிடே என்ற ஒரே குடும்பத்தில் கிடக்கும். 1997-இல் தாமஸ் ஹென்றி அதைப் பல குடும்பங்களாகப் பிரித்தார். மலைக்காட்டுச் சருகில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ரைபரோக்ரோமிடே குடும்பமாக இருக்கும். முன்காலின் தொடை பருத்து, அடியில் முள் இருக்கும். வயிற்றின் அடிப்புறத்தில் நான்காவது, ஐந்தாவது கண்டங்களுக்கு இடையிலான கோடு ஓரம்வரை போகாமல் முன்னால் வளைந்து நின்றுவிடும். இந்தக் கோட்டைப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

3. சமவெளியில கிடைக்காதா? ஏன் மலை மேலயே தேடணும்?

சமவெளியிலும் கிடைக்கும். ஆனால் நீலகிரி, பழனி, ஆனைமலை உச்சிகளில், சுமார் 1,800 மீட்டருக்கு மேலே, சோலையும் புல்வெளியும் மாறி மாறி இருக்கிற நிலம் தனி உலகம். சுற்றிலும் வெக்கையான தாழ்நிலம், நடுவில் குளிர்ந்த உச்சி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் குறுக்கே 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் கிடக்கிறது. சருகில் நடந்தே வாழும், பறக்காத ஒரு பூச்சி அதைத் தாண்டுவது சுலபமில்லை. ஒவ்வொரு மலையிலும் தனித்தனியாக இனம் பிரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தியாவின் நாவாய்ப்பூச்சிகளுக்கு இன்றும் அடிப்படை நூல் டபிள்யூ. எல். டிஸ்டன்ட் 1902 முதல் 1918 வரை எழுதிய தொகுதிகள்தான். அவர் லண்டனில் உட்கார்ந்து, பிறர் அனுப்பியதை வைத்து எழுதினார். அனுப்பியவர்கள் சருகைச் சலித்தவர்கள் அல்லர். கண்ணுக்குத் தெரிந்ததைப் பிடித்தவர்கள். ஆகவே சின்னதும் பழுப்புமாக இருப்பவற்றில் விட்டுப்போனவை நிறைய.

4. சரி, எப்படிப் பிடிக்கிறது? வலை வீசினா போதுமா?

புல்வெளிக்கு வலை சரி. சோலைக்குள் வலையால் பெரிய பயனில்லை. இலைச்சருகை அள்ளிச் சல்லடையில் போட்டு, வெள்ளைத் துணிமேல் உலுக்குங்கள். உடனே ஓடுவது சிலந்தியும் எறும்பும். நாவாய்ப்பூச்சி முதலில் செத்தது மாதிரி கிடக்கும், கொஞ்ச நேரம் கழித்துத்தான் காலை அசைக்கும். துணியைச் சீக்கிரம் உதறிவிடுகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. அத்தி மரத்தடி கிடைத்தால் விடாதீர்கள். உதிர்ந்த அத்திப்பழ விதைகளை நம்பி வாழும் விதை நாவாய்ப்பூச்சிகள் வெப்பமண்டலம் முழுக்க உண்டு. இரவில் விளக்கு வைத்தால் பறக்கக்கூடியவை வரும். பறக்காதவை வராது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 8-ஆம் கேள்வியில் இது திரும்ப வரும்.

பிடித்ததில் ஒன்றிரண்டைச் செறிவான எத்தனாலில் போடுங்கள், டிஎன்ஏவுக்கு உதவும். மற்றவற்றை உலர்த்தி, முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் ஒரு துளி பசையால் வலப்பக்க மார்பை ஒட்டி, அட்டையை ஊசியில் குத்த வேண்டும். பசை கூடினால் வயிற்றின் அடிப்புறம் மூடிக்கொள்ளும். 2-ஆம் பதிலில் சொன்ன கோடு அங்கேதான் இருக்கிறது.

சீட்டு எழுதுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். "கொடைக்கானல்" என்று மட்டும் எழுதிய சீட்டு யாருக்கும் உதவாது. எந்தச் சோலை, அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம் எத்தனை மீட்டர், தேதி, எந்த மரத்தடி, எப்படிப் பிடித்தது, யார் பிடித்தது, எல்லாம் வேண்டும். டிஸ்டன்ட் காலத்துச் சீட்டுகளில் வெறும் "நீலகிரி மலை" என்றிருக்கும். குன்னூரா, அவலாஞ்சியா, முதுமலை அடிவாரமா? அதைத் தேடி இன்றைக்கும் மண்டையை உடைத்துக்கொள்கிறோம்.

5. சின்னப் பூச்சிதானே, இதுக்கெல்லாமா பர்மிஷன்?

காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எதுவானாலும் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு பூச்சிகூட எடுக்கக் கூடாது. அனுமதி எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடச் சொல்லும் ஆய்விதழ்கள் கூடிவருகின்றன. மாதிரியை வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்புவதாக இருந்தால் சென்னையில் இருக்கிற தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளையும் பார்க்க வேண்டும். கல்லூரி வழியாக விண்ணப்பிப்பது நல்லது. தனியாளாகப் போனால் இழுத்தடிக்கும்.

6. நெட்ல எல்லாப் படத்தோடயும் ஒப்பிட்டுட்டேன், எதோடயும் ஒத்துப்போகலை. அப்ப புதுசுதானே?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. இணையத்தில் படம் இல்லை என்றால் இணையத்தில் படம் இல்லை என்று மட்டும்தான் பொருள். தென்னிந்திய, இலங்கை விதை நாவாய்ப்பூச்சிகளில் பலவற்றுக்கு நூறு வருடத்துக்கு முந்தைய சில வரி விவரணையும், அருங்காட்சியகப் பெட்டியில் ஒரு காய்ந்த மாதிரியும் மட்டுமே இருக்கின்றன. அவற்றை யாரும் உயிரோடு படம் எடுத்துப் போட்டதில்லை.

"புதுசு" என்பது ஒரு வாதம். இந்தப் பேரினத்தில் ஏற்கெனவே பெயர் பெற்ற ஒவ்வொன்றையும் எடுத்து, இது அதுவல்ல, இன்ன காரணத்தால் அதுவல்ல என்று காட்டிக்கொண்டே வந்து, கடைசியில் மிஞ்சினால்தான் அந்த வாதம் நிற்கும். பூச்சியைப் பிடிக்க ஒரு காலைப்பொழுது போதும். இந்தக் கழித்தல் கணக்குதான் மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் இழுக்கும்.

7. அந்த "ஏற்கெனவே பெயர் பெற்றவை" பட்டியல் எங்க கிடைக்கும்? லண்டனுக்கா போகணும்?

பட்டியலுக்குப் போக வேண்டியதில்லை. ஜேம்ஸ் ஸ்லேட்டர் 1964-இல் உலகத்து விதை நாவாய்ப்பூச்சிகள் எல்லாவற்றுக்கும் இரண்டு தொகுதி அட்டவணை போட்டார். 1995-இல் அவரும் ஜேன் ஓடோனலும் அதற்குத் துணைத்தொகுதி கொண்டுவந்தார்கள். அதற்குப் பிந்தியவற்றை இணையத்தில் உள்ள இனக்கோப்பில் (Lygaeoidea Species File) பார்க்கலாம். அதில் உங்கள் பேரினத்தை எடுத்து, இந்தியா, இலங்கை, மியான்மர் மூன்றிலும் பதிவான இனங்களை எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றின் முதல் விவரணையையும் தேடிப் படியுங்கள். டிஸ்டன்ட் தொகுதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இலங்கையை விட்டுவிடாதீர்கள். நம் மலைகளுக்கும் அந்த மலைகளுக்கும் பொதுவான பூச்சிகள் உண்டு. 1860-லேயே ஆன்டன் டோர்ன் இலங்கை நாவாய்ப்பூச்சிகளைப் பற்றி எழுதிவிட்டார். இலங்கை மலைநாட்டுப் புண்டலுஓயாவில் இ. இ. கிரீன் பிடித்தவை டிஸ்டன்ட் நூலில் பக்கத்துக்குப் பக்கம் வரும். கோத்தகிரியில் கிடைத்ததற்குப் புதுப் பெயர் வைத்துவிட்டு, பிறகு அது புண்டலுஓயாக்காரர்தான் என்று தெரியவந்தால் சங்கடம்.

விவரணை போதாமல் போகும்போதுதான் மூல மாதிரியை, அதாவது முதலில் பெயர் வைத்தவர் எந்தப் பூச்சியை வைத்து விவரித்தாரோ அதையே, பார்க்க வேண்டிவரும். டிஸ்டன்ட்டினுடையவை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸ்வீடன் நாட்டுப் பூச்சியியலாளர் ஸ்டால் விவரித்தவை பெரும்பாலும் ஸ்டாக்ஹோமில். தரங்கம்பாடியிலிருந்து டேனிஷ்காரர்கள் அனுப்பி, ஃபெப்ரிசியஸ் 18-ஆம் நூற்றாண்டில் பெயர் வைத்த பூச்சிகள் கோபன்ஹேகனில். நேரில் போக வசதி இல்லாவிட்டால் காப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிப் படம் கேளுங்கள். "மூல மாதிரியின் படம் வேண்டும்" என்று மொட்டையாகக் கேட்காமல், "முன்தொடை முள் தெரிகிற பக்கவாட்டுப் படம் வேண்டும்" என்று கேட்டால் பதில் வரும் வாய்ப்பு அதிகம்.

8. என் பூச்சிக்கு இறக்கை பாதிதான் இருக்கு. மத்த எதுக்கும் அப்படி இல்லை. இதைவிட வித்தியாசம் வேணுமா?

மலைப் பூச்சியில் வழுக்கி விழுகிற இடமே இதுதான். ஒரே இனத்தில் நீள இறக்கை உள்ளவையும் குட்டை இறக்கை உள்ளவையும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்வது விதை நாவாய்ப்பூச்சிகளில் சர்வசாதாரணம். இறக்கை குறையும்போது கூடவே வேறு சிலவும் மாறும். பறக்கும் தசைக்கு இடம் தேவைப்படாததால் முன்மார்புத் தகட்டின் பின்பகுதி குறுகிவிடும். ஒற்றைக்கண்கள் சுருங்கும், சிலவற்றில் மறைந்தே போகும். அதாவது 2-ஆம் பதிலில் நான் சொன்ன அடையாளமே கைவிட்டுவிடும்! இப்படி ஒரே பூச்சியின் இரண்டு வடிவங்களுக்கு இரண்டு பெயர் வைத்த கதைகள் உண்டு.

விளக்கு வைத்துப் பிடித்தவர் நீள இறக்கையை மட்டும் பார்த்திருப்பார், சருகு சலித்த நீங்கள் குட்டை இறக்கையை மட்டும் பார்த்திருப்பீர்கள். எனவே இறக்கை நீளத்தையும் அதோடு சேர்ந்து மாறுபவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு ஒப்பிடுங்கள். உணர்கொம்பின் நான்கு கண்டங்களின் விகிதம், உறிஞ்சுகுழல் எந்தக் கால் வரை நீள்கிறது, முன்தொடை முட்களின் எண்ணிக்கையும் வரிசையும், நாற்றச் சுரப்பி வாயின் வடிவம், வயிற்று உணர்மயிர்கள் இருக்கும் இடம். இவற்றிலும் வேறுபாடு நின்றால் பேசலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உயரம் கூடினாலே இறக்கை குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஸ்லேட்டர் 1977-இல் எழுதியபோது, உயரத்தைவிட வாழிடம் நெடுங்காலம் மாறாமல் நிலைத்திருப்பதுதான் முக்கியக் காரணம் என்று வாதிட்டார். சோலைச் சருகைப் பார்த்தவர்களுக்கு அவர் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் படும்.

9. ஆண் பூச்சியோட பின்பகுதியை வெட்டித்தான் ஆகணுமா? அழகா ஒட்டி வெச்சதைக் கெடுக்க மனசு வரலை.

வெட்டத்தான் வேண்டும். வெளியே அச்சில் வார்த்தது போல் ஒன்றாக இருக்கும் இரண்டு இனங்கள் இனப்பெருக்க உறுப்பில் தெளிவாகப் பிரிந்து நிற்கும். வயிற்று நுனியில் கிண்ணம் போலிருக்கும் கூட்டைக் கழற்றி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் லேசாகச் சூடாக்கினால் தசை கரைந்து ஓடு மட்டும் நிற்கும். கிளிசரினில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். உள்ளே இரண்டு கொக்கிகள் இருக்கும், பாராமியர் என்பார்கள். அதன் வளைவைக் குறைந்தது இரண்டு கோணத்திலாவது வரையுங்கள். ஒரே கோணத்தில் வரைந்த படத்தை நம்பி ஒப்பிட முடியாது. கொஞ்சம் சாய்ந்தாலே வேறு பூச்சி மாதிரி தெரியும்.

வேலை முடிந்ததும் அந்தத் துண்டைக் கிளிசரின் நிறைந்த சின்னக் குப்பியில் போட்டு, அதே ஊசியிலேயே குத்தி வையுங்கள். தனி டப்பாவில் வைத்தால் ஒருநாள் எது எதனுடையது என்று தெரியாமல் போகும்.

10. ஒண்ணே ஒண்ணுதான் கிடைச்சுது, அதுவும் பெண். எழுதலாமா?

பெயரிடல் விதிப்படி எழுதலாம், ஒரே மாதிரியை வைத்துப் பெயர் பெற்ற இனங்கள் ஏராளம். ஆனால் 8, 9 இரண்டையும் படித்தபின் நீங்களே யோசியுங்கள். வேறுபாடு இனத்துக்கு உரியதா, அந்த ஒரு பூச்சிக்கு மட்டும் உரியதா என்று ஒன்றை வைத்து எப்படிச் சொல்வது? அதே சோலைக்கு அடுத்த பருவத்தில் இன்னொரு முறை போய் வருவதே என் யோசனை. இறக்கை முளைக்காத குஞ்சு மட்டும் கிடைத்திருந்தால் எழுதவே வேண்டாம், வளர்த்துப் பாருங்கள்.

11. டிஎன்ஏ பார்கோடு எடுத்துட்டா இந்தத் தலைவலியெல்லாம் இல்லையே?

பார்கோடு நல்ல துணை. 658 எழுத்து நீளமுள்ள அந்த மரபணுத் துண்டு ஆணையும் பெண்ணையும், நீள இறக்கையையும் குட்டை இறக்கையையும், குஞ்சையும் தாயையும் சேர்த்துவைக்க அருமையாக உதவும். 8-ஆம் கேள்விக்காரருக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் "தரவுத்தளத்தில் பொருந்தவில்லை, எனவே புதுசு" என்றால் 6-ஆம் கேள்விக்கே திரும்பிவிட்டீர்கள். டிஸ்டன்ட்டின் நூறு வருடப் பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு டிஎன்ஏ எடுத்தவர் இல்லை. பொருந்துவதற்கு அங்கே ஆளே இல்லாதபோது பொருந்தாமல் போவதில் ஆச்சரியம் என்ன?

12. கொல்லாம, நல்ல போட்டோ மட்டும் வெச்சு எழுத முடியாதா?

பெயரிடல் விதி அதற்கு முழுத்தடை போடவில்லை. 2015-இல் தென்னாப்பிரிக்க ஈ ஒன்று, மார்லியிமியா சைலோகோபே, படங்களை மட்டும் வைத்தே விவரிக்கப்பட்டது. அதன்பிறகு வகைப்பாட்டியலாளர்களிடையே பெரிய சண்டையே நடந்தது. அந்த ஈ வண்ணத்திலும் வடிவத்திலும் தனித்துத் தெரிகிற ஜாதி. 5 மில்லிமீட்டர் பழுப்பு நாவாய்ப்பூச்சியின் பாராமியரைப் போட்டோவில் எப்படிக் காட்டுவீர்கள்? இந்தக் கூட்டத்துக்கு அது சரிவராது.

13. கட்டுரையில கட்டாயம் இருக்க வேண்டியது என்னென்ன?

விலங்குப் பெயரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, இது புதிய இனம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றிலிருந்து பிரித்துக்காட்டும் அடையாளங்களை வார்த்தையில் எழுத வேண்டும், படம் மட்டும் போதாது. ஒரு மாதிரியை ஹோலோடைப் என்று, அதாவது பெயரைத் தாங்கும் மூல மாதிரி என்று குறிப்பிட்டு, அது எந்த ஊரில் எந்த நிறுவனத்தில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். அச்சில்லாமல் இணையத்தில் மட்டும் வரும் இதழானால் ஜூபேங்க் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் பெயர் செல்லாது.

விதி கேட்காத, ஆனால் படிப்பவர் கேட்கிற ஒன்று உண்டு: நெருங்கிய இனங்களோடு ஒப்பீடு. பல கட்டுரைகள் பூச்சியைத் தலையிலிருந்து வால்வரை பத்தி பத்தியாக வர்ணித்துவிட்டு, பக்கத்து இனத்திலிருந்து எப்படிப் பிரிப்பது என்பதை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. தலைகீழாகச் செய்யுங்கள். பேரினத்தின் இந்திய இனங்களுக்கு ஒரு திறவுகோலும், அதாவது அடையாளங்களை ஒவ்வொன்றாகக் கேட்டு இனத்தைக் கண்டுபிடிக்க உதவும் பட்டியலும், போட்டுவிட்டால் அடுத்து வருகிறவர் உங்களை வாழ்த்துவார்.

14. பெயர் என் இஷ்டமா? தமிழ்ப் பெயர் வைக்கலாமா, எங்க அம்மா பெயர் வைக்கலாமா?

இரண்டும் வைக்கலாம். லத்தீன் எழுத்தில் எழுத வேண்டும், மேல்கீழ்க் குறிகள் கூடாது, சிற்றினப் பெயர் சிறிய எழுத்தில் தொடங்க வேண்டும். எந்த மொழிச் சொல்லானாலும் சரி. பெண் பெயரென்றால் கடைசியில் "ஏ" விகுதி, ஆணென்றால் "ஐ", இடப்பெயரென்றால் வழக்கமாக "என்சிஸ்". தன் பெயரையே வைத்துக்கொள்ள விதியில் தடையில்லை, ஆனால் யாரும் செய்வதில்லை, சிரிப்பார்கள்.

இடப்பெயர் வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. "கொடைக்கானலென்சிஸ்" என்று வைத்த மறுவருடமே அது மூணாறிலும் வால்பாறையிலும் கிடைக்கலாம். பெயர் தவறென்று மாற்ற முடியாது, அப்படியேதான் இருக்கும். பூச்சியின் உடம்பில் இருக்கிற ஏதாவது ஓர் அடையாளத்தை வைப்பது எனக்குப் பிடிக்கும்.

15. முழுக் கட்டுரையையும் தமிழ்லயே எழுதி வெளியிட்டா பெயர் செல்லுமா?

செல்லும். தாவரங்களுக்கு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ விவரணை வேண்டும் என்ற விதி உண்டு. விலங்குகளுக்கு மொழிக் கட்டுப்பாடே இல்லை. 13-ஆம் பதிலில் சொன்னவை எல்லாம் இருந்து, பெயர் மட்டும் லத்தீன் எழுத்தில் இருந்தால் போதும். பரவலாகப் புரியும் மொழியில் எழுதுங்கள் என்பது பரிந்துரைதான், கட்டாயமில்லை. இருந்தாலும் உங்கள் திறவுகோலைப் பயன்படுத்தப்போகிறவர்கள் செக் நாட்டிலும் சீனாவிலும் பிரேசிலிலும் இருக்கிறார்கள். பிரித்துக்காட்டும் பத்தியை மட்டுமாவது ஆங்கிலத்திலும் கொடுங்கள்.

16. ஆர்வக்கோளாறுல பெயரோட ஃபேஸ்புக்ல போட்டுட்டேன். என் எம்.ஃபில் ஆய்வேட்டுலயும் அந்தப் பெயர் இருக்கு. இப்ப என்ன ஆகும்?

ஃபேஸ்புக் பதிவு வெளியீடு ஆகாது. நூலகத்தில் ஒப்படைத்துவிட்ட ஆய்வேடும் பொதுவாக ஆகாது. எனவே பெயருக்கு உரிமையும் வரவில்லை, கெடுதலும் வரவில்லை. ஆனால் அந்தப் பெயரை வேறு யாராவது உங்கள் பதிவிலிருந்து எடுத்துப் பட்டியல்களில் போட ஆரம்பித்தால், விவரணை இல்லாத வெற்றுப் பெயர் ஒன்று ஊர் சுற்றும். பதிவிலிருந்து பெயரை எடுத்துவிடுங்கள், படம் இருக்கட்டும். கட்டுரையைச் சீக்கிரம் முடியுங்கள்.

17. ஹோலோடைப்பை எங்க துறையிலேயே வெச்சுக்கலாமா? கண்ணு முன்னால இருக்கும்ல.

வேண்டாம். பேராசிரியர் ஓய்வு பெற்றதும் பெட்டியைக் கரையானும் பூஞ்சையும் பங்கு போட்டுக்கொள்ளும். சட்டமும் இடம் தராது: பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2002-இன் 39-ஆம் பிரிவுப்படி, புதிதாகக் கண்டறிந்த இனத்தை அங்கீகரிக்கப்பட்ட சேமிப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். கொல்கத்தாவில் இருக்கிற இந்திய விலங்கியல் ஆய்வகம், பெங்களூரில் இருக்கிற தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் போன்றவை அப்படிப்பட்ட இடங்கள். கட்டுரை வெளியாகும் முன்பே ஒப்படைத்து, பதிவு எண் வாங்கிக் கட்டுரையில் போடுங்கள். கூடுதல் மாதிரிகளை, அதாவது பாராடைப்புகளை, இரண்டு மூன்று நிறுவனங்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் மற்றது மிஞ்சும். துறையில் ஒன்றிரண்டு பாராடைப் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

18. எல்லாம் முடிஞ்சு பெயரும் வந்தாச்சு. பத்து வருஷம் கழிச்சு ஒருத்தர் வந்து "இது பழைய இனம்தான்"னு சொல்லிட்டா?

முதலில் வைத்த பெயருக்கே உரிமை என்பது விதி. அந்த வரிசைக்குத் தொடக்கம் 1758, லின்னேயஸின் பத்தாம் பதிப்பு. டோர்னோ டிஸ்டன்ட்டோ முந்திக்கொண்டிருந்தால் உங்கள் பெயர் ஒத்தபெயர்ப் பட்டியலில், அதாவது ஒரே இனத்துக்குப் பின்னால் வைத்த, இனிப் பயன்படுத்தாத பெயர்களின் பட்டியலில், இறங்கிவிடும். ஃபிரான்சிஸ் வாக்கர் 1867 முதல் 1873 வரை லண்டன் அருங்காட்சியகத்து நாவாய்ப்பூச்சிகளுக்கு எட்டுப் பகுதிகளில் அட்டவணை போட்டு வைத்த பெயர்களில் கணிசமானவை அப்படித்தான் இறங்கின. இறக்கியவர்களில் டிஸ்டன்ட்டும் ஒருவர். டிஸ்டன்ட் வைத்த பெயர்களில் சிலவற்றைப் பின்னால் வந்தவர்கள் இறக்கினார்கள்.

எதிர்த்திசையிலும் நடக்கும். இறக்கிய பெயரை, வேறொருவர் பாராமியரைப் பார்த்துவிட்டுத் திரும்ப உயிர்ப்பித்து விடுவார். அதற்கு அவருக்குத் தேவைப்படுவது உங்கள் ஹோலோடைப், அதன் ஊசியில் இருக்கும் கிளிசரின் குப்பி, எந்தச் சோலை என்று எழுதிய சீட்டு. மூன்றும் சரியாக இருந்தால் வழக்கை அவர் நடத்திக்கொள்வார்.